படைக்கலக் கொட்டிலும் பார்வையாளர் கடனும்

(மேலைநாட்டு டாங்கி, விமான நூதனசாலைகள் பற்றிய ஒரு மதிப்பீடு)

அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தூது சென்ற ஔவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கல வீட்டைத் திறந்து காட்டினான். தன் வலிமை கண்டு தூது வந்தவர் மலைத்தல் வேண்டும் என்பது அவன் கருத்து. ஔவையாரோ, அங்குள்ளவை ஒப்பனை பெற்றுக் காவலுள் இருப்பதையும், தம் தலைவனுடையவை பயன்பட்டுச் சிதைந்து கொல்லன் கைக்குப் போயிருப்பதையும் ஒப்பிட்டு ஒரு பாட்டுப் பாடினார். புறநானூற்றின் 95 ஆம் பாட்டாக அமைந்த அதனை, புகழ்வது போலப் பழித்தும் பழிப்பது போலப் புகழ்ந்தும் நிற்கும் நயம் பற்றியே ஆசிரியர்கள் வகுப்பில் விரித்துரைப்பது வழக்கம். ஆயின் அதனுள் இன்னொரு பொருளும் உண்டு. படைக்கலம் காட்சிப் பொருளாகும்பொழுது அதன் உண்மை எங்கே போய்விடுகின்றது என்னும் வினாவே அது.

இரண்டு உலகப் போர்களும் முடிந்தபின் மேலைநாடுகளில் அவ்வினாவுக்கு இடமளிக்கும் கூடங்கள் பல தோன்றின. இங்கிலாந்தில் பொவிங்ரன், டக்ஸ்போட், ஹென்டன் என்னும் இடங்களிலும், அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும், ஜேர்மனியில் டிறெஸ்டன் நகரிலும் உள்ளவை அவற்றுட் பெயர் பெற்றவை. வரலாற்றில் ஆர்வமுடையோர் ஆண்டுதோறும் பல்லாயிரவராக அங்குச் செல்கின்றனர். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் பலர் விடுமுறை நாளிலே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களுள்ளும் இவை சேர்ந்துவிட்டன. இவற்றை வெறும் பொழுதுபோக்கிடங்கள் எனக் கொள்வதும், வரலாற்றின் முழு உருவம் எனக் கொள்வதும் ஒருங்கே பிழையாகும். நூலொன்றைத் திறனாய்வது போலவே இக்கூடங்களையும் திறனாய்தல் வேண்டும். எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லாது விடுகின்றன என்று நோக்குதலே அத்திறனாய்வின் தொடக்கம்.

மூவர்

எந்தப் படைக்கலத்தைச் சூழ்ந்தும் மூவகை மாந்தர் உளர். அதனைச் செய்தோர் ஒரு வகையினர். அதனைச் செலுத்தினோர் மற்றொரு வகையினர். அதனால் தாக்குண்டோர் மூன்றாம் வகையினர். இம்மூவரையும் ஓரளவேனும் கண்முன் கொணரும் கூடம் வரலாற்றுக் கூடம். ஒருவரையும் கொணராது இரும்பை மட்டும் துலக்கி வைப்பது சரக்கறை. செலுத்தினோரை மட்டும் கொணர்வது வெற்றித்தூண். மேலைநாட்டு நூதனசாலைகளை இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடின், அவற்றின் சிறப்பும் குறையும் ஒருங்கே புலனாகும்.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தனர். காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியம் அதன் துறைகளைக் கூறும். அக்கல்லில் வீரன் பெயரும் பீடும் எழுதப்பட்டன. அவன் ஏந்திய வேலும் வில்லும் அவனை அறிவிக்கும் அடையாளங்களாகவே நின்றன. இக்காலக் கூடங்களிலோ முறை மாறிவிட்டது. கருவி முன்னே நிற்கின்றது. மனிதன் அதன் அடியிலே சிறு பலகையில் இரண்டு வரியாக நிற்கின்றான். பொறிகளின் காலத்திலே இஃது ஓரளவு தவிர்க்க முடியாததாயினும், இம்மாற்றத்தை உணர்ந்து செல்பவனே கூடத்தின் முழுப் பயனைப் பெறுவான்.

பொவிங்ரன்: இரும்பு கூறும் சான்று

இங்கிலாந்தின் டோர்செற் மாகாணத்திலுள்ள பொவிங்ரன் முதலாம் உலகப் போர்க்காலத்தில் டாங்கிப் பயிற்சி முகாமாக இருந்தது. போர் முடிந்தபின் அங்குத் திரும்பி வந்த டாங்கிகளுட் பல பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. எஞ்சியவற்றைப் பேணிக் காட்சிக்கு வைத்தல் வேண்டுமென 1923 ஆம் ஆண்டில் அங்கு வந்த எழுத்தாளர் றட்யார்ட் கிப்ளிங் எடுத்துரைத்தார் என்பர். பொதுமக்களுக்கு அது 1947 இல் திறக்கப்பட்டது.

அங்குள்ள பொருள்களுள் வரலாற்று மாணவன் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் ‘லிற்றில் வில்லி’ என்னும் சிறு வண்டியின் அருகேயாம். 1915 இல் முடிக்கப்பட்ட அதுவே இன்று உள்ள டாங்கிகள் யாவற்றினும் மூத்தது. அதனைச் செய்தது லிங்கன் நகரத்திலே வேளாண்மைப் பொறிகளைச் செய்துவந்த ஒரு தொழிற்சாலை. உழவுக்கும் கதிரடிப்புக்கும் பொறி செய்த கைகளே கிடங்குகளையும் முட்கம்பி வேலிகளையும் கடக்கும் ஊர்தியையும் செய்தன. இரகசியம் வெளிப்படாதிருத்தற் பொருட்டு, செய்யப்படுவது நீர் கொள்ளும் கலம் என்று கூறப்பட்டது. ‘டாங்கி’ என்னும் பெயர் நிலைத்தது அம்மறைப்பினாலேயே. செய்தோரைப் பற்றிய செய்தி ஒரு சிறு பொருளில் இவ்வளவு தெளிவாக அடங்கியிருத்தல் அரிது.

அதனை அடுத்து நோக்கத்தக்கது முதலாம் வகை டாங்கி. 1916 செப்ரெம்பர் 15 ஆம் நாள் பிரான்சில் புளேர்ஸ் என்னுமிடத்திலே டாங்கிகள் முதன்முறையாகப் போரில் இறங்கின. அன்று குறிக்கப்பட்டவை 49; அவற்றுட் பல போர்முனையை எட்டுமுன்னரே பழுதுற்றன. அவ்வகையில் இன்று எஞ்சியிருப்பது பொவிங்ரனில் உள்ள ஒன்றே. எட்டுப் பேர் அதனுள் இருந்தனர். ஊர்தியைச் செலுத்துதற்கு மாத்திரம் நால்வரின் உழைப்பு வேண்டியிருந்தது. அதன் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தை மிஞ்சவில்லை. இவையெல்லாம் நூல்களிலும் உள்ளன. ஆயின் மனிதர் இருக்கும் அறையின் நடுவிலேயே, இடையே சுவரொன்றுமின்றி, இயந்திரம் இருப்பதை நேரிற் காண்பவனுக்கே அந்நூற்செய்தி உயிர் பெறுகின்றது. அனலும் நச்சுப்புகையும் வெடியோசையும் அடைபட்ட அவ்விருட்டறையில், பேசினாற் கேளாது என்பதனால் இயந்திரத்தின் மேன்மூடியைத் தட்டி ஒருவர்க்கொருவர் குறிப்புணர்த்தினர். செலுத்தினோர் பட்ட துன்பத்துக்கு அவ்விரும்பே சான்று பகர்கின்றது. பொருளைக் காட்டும் கூடம் ஒன்று நூலினும் மேம்பட்டு நிற்கும் இடம் இதுவே. இதனை மறுப்பவர் நூதனசாலையின் பயனையே அறியாதவர்.

எனினும் பொவிங்ரனுக்குக் கூட்டம் சேர்ப்பது முதலாம் வகை டாங்கியன்று. 1943 ஏப்ரிலில் துனிசியாவிற் கைப்பற்றப்பட்ட 131 ஆம் இலக்க ‘ரைகர்’ டாங்கியே அங்குப் பெரும்புகழ் பெற்றது. அது பழுது நீக்கப்பட்டு இன்றும் ஓடக்கூடிய நிலையில் உள்ளது. 2014 இல் வெளிவந்த ‘பியூரி’ என்னும் திரைப்படத்திலும் அது தோன்றியது. அதனை ஓடச்செய்து காட்டும் நாட்களில் பெருந்திரள் கூடுகின்றது. அரியதொன்று இயங்குவதைக் காணும் விருப்பத்திற் குற்றமில்லை. குற்றம் அவ்வியக்கம் உள்ளத்திற் பதிக்கும் அளவுப் பிழையிலே உள்ளது. போர்க்காலம் முழுவதிலும் செய்யப்பட்ட முதலாம் வகை ரைகர்கள் 1,350 அளவினவே. அமெரிக்கர் செய்த ‘ஷேர்மன்’ டாங்கிகள் ஏறத்தாழ 50,000. சோவியத் நாடு செய்த ‘ரி-34’ டாங்கிகள் அத்தொகையையும் கடந்தன. போரின் போக்கை முடிவு செய்தவை எண்ணிக்கையும், எளிதிற் பழுதுநீக்கத் தகும் அமைப்பும், தொழிற்சாலைகளில் இரவும் பகலும் உழைத்த மாந்தருமேயாம். கூடத்திற் புகழ் பெறுவதோ அருமையும் பருமையும் உடைய ஒன்று. ரைகரின் முன்னே நிற்கும் சிறுவன் ஜேர்மனியே வென்றிருக்க வேண்டும் என எண்ணி மீள்வானாயின், அது அவன் குற்றமன்று.

டக்ஸ்போட்: மண்ணும் மெருகும்

கேம்பிறிட்ஜ் நகருக்கு அணித்தாயுள்ள டக்ஸ்போட் ஒரு காலத்தில் மெய்யான விமானத்தளம். 1938 ஓகஸ்ற் மாதத்தில் ‘ஸ்பிற்பயர்’ விமானம் முதன்முதலாக ஒரு படைப்பிரிவுக்கு வழங்கப்பட்டது அங்கேதான். 1940 இல் நிகழ்ந்த பிரித்தானிய வான்போரிலும், 1943 முதல் அமெரிக்கப் போர்விமானங்களின் தளமாகவும் அது பணியாற்றியது. பின்னர் அது பேரரசுப் போர் நூதனசாலையின் ஒரு கிளையாயிற்று. பொருள் பயன்பட்ட மண்ணிலேயே பொருளைக் காணுதல் டக்ஸ்போட்டின் தனிச்சிறப்பாகும்.

ஆயினும் இம்மண்ணிலே நிகழ்ந்த ஒரு செய்தி ஆழ்ந்து நோக்கற்குரியது. முதலாம் உலகப் போர்க்காலத்து விமானக் கொட்டகைகள் அங்கு இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் இல்லை. பகைவர் குண்டு அதனை அழிக்கவில்லை. பிரித்தானிய வான்போரைப் பற்றி எடுக்கப்பட்டு 1969 இல் வெளிவந்த திரைப்படத்தின் பொருட்டு அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வரலாற்றைக் காட்டுதற்காக வரலாற்றுச் சின்னமொன்றை அழித்த இச்செயல், காட்சி ஆர்வம் எல்லை கடந்தால் யாது நேரும் என்பதற்குப் போதிய எடுத்துக்காட்டு.

இதே வினா பறக்கும் பழைய விமானங்களைப் பற்றியும் எழுகின்றது. எண்பது ஆண்டு கடந்த ஸ்பிற்பயர் ஒன்று இன்று வானிற் பறத்தல் வேண்டுமாயின் அதன் தகடுகளும் ஆணிகளும் இயந்திர உறுப்புக்களும் பெரும்பாலும் புதுக்கப்படல் வேண்டும். பறப்பது பழைய விமானமா, பழைய இலக்கத்தைத் தாங்கிய புதிய விமானமா என்னும் ஐயம் தோன்றும். கோயிற்றிருப்பணிகளைக் கண்டறிந்தோர்க்கு இவ்வையம் புதியதன்று. திருப்பணி செய்வோர் சிதைந்த கல்லை மாற்றிப் பூசை தொடரச் செய்கின்றனர். மாற்றப்பட்ட கல்லிலே கல்வெட்டு இருந்திருப்பின் ஒரு வரலாறு அதனோடு போய்விடுகின்றது. பூசை நின்ற கோயில் பாழ். கல்வெட்டு இழந்த கோயில் ஊமை. பறக்கும் விமானம் ஒலியையும் விரைவையும் அழகையும் கற்பிக்கின்றது. பறவாத விமானம் உண்மையான தகட்டையும் அதிலுள்ள வடுவையும் காக்கின்றது. இரண்டும் வேண்டும். எது எவ்வகையினது என்று பார்வையாளனுக்கு ஒளியாது கூறுதல் கூடத்தார் கடமை.

டக்ஸ்போட்டில் அமெரிக்க விமானக் கூடம் 1997 இல் திறக்கப்பட்டது. நோர்மன் பொஸ்ரர் வகுத்த அக்கட்டடம் கட்டடக்கலைப் பரிசும் பெற்றது. ஆயின் அதன் சிறப்பு உள்ளே தொங்கும் விமானங்களில் மட்டும் அடங்கவில்லை. வாயிலை அணுகும் வழியிலே 52 கண்ணாடிப் பலகைகள் நிரையாக நிற்கின்றன. பிரித்தானிய மண்ணிலிருந்து புறப்பட்டு இரண்டாம் உலகப் போரில் மீளாத 7,031 அமெரிக்க விமானங்களின் உருவங்கள் அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே நிற்பவை மிகச் சில. வெளியே, ஒளி ஊடுருவும் கண்ணாடியிலே, இல்லாதவை பல்லாயிரம். மெருகிட்ட விமானத்தைக் காணுமுன்னர் மீளாதவற்றைக் கடந்து செல்லுமாறு வழி அமைத்தவர் படைக்கலக் கூடம் அமைக்கும் முறையை நன்கு அறிந்தவர் என்க. இருப்பினும் அங்கே எண்ணப்பட்டோர் செலுத்தினோரே என்பது மறக்கற்பாலதன்று.

ஹென்டன்: இரண்டு விமானங்கள்

இலண்டனின் வடபாலுள்ள ஹென்டனில் பிரித்தானிய வான்படை நூதனசாலை 1972 இல் திறக்கப்பட்டது. ஆங்குள்ள குண்டுவீச்சு விமானங்களுள் இரண்டை ஒப்பிடுதல் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணை செய்யும்.

ஒன்று ‘லங்காஸ்ரர்’. நூற்றுக்கு மேற்பட்ட முறை ஜேர்மனி மீதும் அயல்நாடுகள் மீதும் பறந்து மீண்ட விமானம் அது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒவ்வொரு குண்டின் உருவம் அதன் மூக்கின் பக்கத்தே நிரல் நிரலாகத் தீட்டப்பட்டுள்ளது. பகை விமானம் எதுவும் ஜேர்மனி மீது பறவாது என்று செருக்கிக் கூறிய கோரிங்கின் சொல்லையும் எள்ளற் குறிப்பாக அதன் மேல் எழுதிவைத்தனர். விமானம் முழுமையாகவும் அழகாகவும் நிற்கின்றது.

மற்றொன்று ‘ஹலிபாக்ஸ்’. 1942 ஏப்ரிலில் நோர்வேயில் ஒதுங்கி நின்ற ‘ரேர்பிற்ஸ்’ என்னும் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, சுடப்பட்டு, உறைந்த ஏரியொன்றின் மேல் இறங்கியது. அதனுள் இருந்தோர் உயிர் தப்பினர். காலிற் காயமுற்ற ஒருவர் பகைவரிடம் அகப்பட, ஏனையோர் சுவீடனை அடைந்தனர். பனிக்கட்டி உருக விமானம் ஏரியின் அடியிற் சென்று தங்கிற்று. 1973 இல் அதனை மேலே எடுத்தனர். கூடத்தார் அதனைப் புதுக்காது, நசுங்கியும் அரித்தும் கிடந்தவாறே பெரும்பாலும் வைத்துள்ளனர்.

தொண்டைமானின் படைக்கலமும் அதியமானின் படைக்கலமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது போன்ற காட்சி இது. லங்காஸ்ரரைப் பார்ப்பவன் வியக்கின்றான். ஹலிபாக்ஸைப் பார்ப்பவன் வினவுகின்றான். யார் உள்ளே இருந்தனர், என்ன ஆயினர் என்னும் வினாக்கள் சிதைவைக் கண்ட கண்ணுக்கே தோன்றுகின்றன. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையிற் பணிபுரிந்த விமானிகள் ஏறத்தாழ 125,000 பேருள் 55,573 பேர் மாண்டனர். இத்தொகையின் பாரத்தை மெருகிட்ட விமானம் தாங்காது. சிதைந்த விமானம் தாங்கும். எனினும் லங்காஸ்ரரின் மூக்கிலே தீட்டப்பட்ட ஒவ்வோர் உருவத்துக்கும் கீழே ஓர் ஊர் இருந்தது. அவ்வூரின் பெயரும் அவ்விரவின் செய்தியும் அவ்வுருவங்களில் இல்லை. ஆகவே ஹென்டனின் இவ்விரு விமானங்களும் இரண்டாமவரை நன்கு உணர்த்தி மூன்றாமவரைப் பார்வையாளனின் கற்பனைக்கே விட்டுவிடுகின்றன.

எனோலா கே: சொல்லப்படாத தொகை

மூன்றாமவரைக் கொணர முயன்ற கூடம் ஒன்று யாது பட்டது என்பதற்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமே சான்று. 1945 ஓகஸ்ற் 6 இல் ஹிரோசிமா மீது அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ என்னும் பி-29 விமானம் அந்நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அந்நிகழ்ச்சியின் ஐம்பதாம் ஆண்டிலே அவ்விமானத்தின் பெரும்பகுதியைக் காட்சிக்கு வைத்து, குண்டு வீசும் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது, கீழே யாது நிகழ்ந்தது, அதன்பின் அணுக்காலம் எவ்வாறு தொடங்கிற்று என்பவற்றை ஒருங்கே விளக்கத் தேசிய வான், விண்வெளி நூதனசாலையார் திட்டமிட்டனர். பழைய படைவீரர் சங்கங்கள் அதனை எதிர்த்தன. தாம் கொடியோராகச் சித்திரிக்கப்படுகின்றனர் என்றும், ஜப்பானியர் ஆசியாவிற் புரிந்தவை சுருக்கப்பட்டுள்ளன என்றும், குண்டு வீசப்படாதிருப்பின் படையெடுப்பில் எண்ணற்றோர் இறந்திருப்பர் என்றும் அவர்கள் கூறினர். அமெரிக்க மேற்சபை 1994 இல் கண்டனத் தீர்மானமும் நிறைவேற்றியது. வரலாற்றறிஞர் பலர் மறுபுறம் நின்று, ஆவணங்களுக்கு மாறாகக் காட்சி திருத்தப்படலாகாது என வாதிட்டனர். முடிவில் 1995 சனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ற்றின் ஹார்விற் அவ்வாண்டு மே மாதத்திற் பதவி துறந்தார். விமானத்தின் உடற்பகுதி மட்டும் சுருங்கிய விளக்கத்துடன் வைக்கப்பட்டது.

2003 டிசெம்பரில் வேர்ஜீனியாவிலுள்ள புதிய கூடத்திலே எனோலா கே முழு உருவத்துடன் காட்சிக்கு வந்தது. வெள்ளியென ஒளிரும் அவ்விமானத்தின் விளக்கப் பலகை அதன் பொறியியற் சிறப்பையும், ஹிரோசிமா மீது குண்டு வீசியதையும் கூறியது. இறந்தோர் தொகையைக் கூறவில்லை. ஏனைய விமானங்களுக்கு எழுதப்படும் முறையிலேயே இதற்கும் எழுதப்பட்டது என்பது கூடத்தாரின் மறுமொழி. இம்மறுமொழியின் குறை வெளிப்படையானது. ஏனைய விமானங்களுக்கும் அவ்வாறே எழுதப்படுகின்றது என்பது குறையைப் பொதுவாக்குகின்றதேயன்றி நீக்கவில்லை. 1945 ஆம் ஆண்டு முடிவுக்குள் ஹிரோசிமாவில் இறந்தோர் ஏறத்தாழ 140,000 என மதிப்பிடுவர். விமானத்தின் சிறகு நீளத்தைத் தெரிவிக்க இடமுள்ள பலகையில் இத்தொகைக்கும் இடம் இருந்திருக்கும்.

இவ்வழக்கில் ஒரு பக்கத்தாரை மட்டும் பழித்தல் நடுவுநிலையாகாது. விமானமேறிச் சென்ற படைவீரர்க்கும் தம் சொல் கேட்கப்படும் உரிமை உண்டு. கீழே எரிந்தோர்க்கும் அவ்வுரிமை உண்டு. இரு சொல்லையும் ஒரே கூடத்தில் வைக்க அஞ்சி இரண்டையும் நீக்கியமையே அங்கு நேர்ந்த தோல்வி. பூசல் தவிர்க்கப்பட்டது. வரலாறும் அதனுடன் தவிர்க்கப்பட்டது.

ஹிரோசிமாவில் 1955 இல் திறக்கப்பட்ட சமாதான நினைவு நூதனசாலை இதற்கு நேர்மாறானது. அங்கு விமானம் இல்லை. எட்டேகால் மணியில் நின்றுபோன கைக்கடிகாரமும், குழந்தையொன்றின் கருகிய மூன்றுசில்லு வண்டியும், ஒருவர் இருந்த இடம் நிழலாய்ப் படிந்த கற்படியும் உள்ளன. வேர்ஜீனியாவில் கருவி இருக்கின்றது, விளைவு இல்லை. ஹிரோசிமாவில் விளைவு இருக்கின்றது, கருவி இல்லை. ஒன்றைக் கண்டவன் மற்றொன்றையும் காணாவிடின் பாதியே கண்டவனாவான்.

டிறெஸ்டன்: ஒரு விடை

இரு பாதிகளையும் இணைக்க முயன்ற கூடம் டிறெஸ்டனிலுள்ள ஜேர்மன் இராணுவ வரலாற்று நூதனசாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படைக்கலச் சாலையாகக் கட்டப்பட்ட மாளிகையை ஊடறுத்து, டானியல் லிபெஸ்கின்ட் என்னும் கட்டடக்கலைஞர் உலோகமும் கண்ணாடியுமான பேராப்பு ஒன்றைச் செருகினார். 2011 இல் அது திறக்கப்பட்டது. 1945 பெப்ரவரி 13 இரவு டிறெஸ்டன் மீது குண்டுவீச்சுத் தொடங்கிய திசையை அவ்வாப்பின் நுனி சுட்டுகின்றது. அக்குண்டுவீச்சில் இறந்தோர் 25,000 வரையினர் என 2010 இல் வரலாற்றறிஞர் குழு முடிவு கூறியது.

ஆயின் டிறெஸ்டன் மக்கள் தம் துன்பத்தை மட்டும் அங்குக் காட்டவில்லை. ஆப்பின் உச்சியிலே மூன்று நகரங்களின் நடைபாதைக் கற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று 1939 செப்ரெம்பர் முதலாம் நாள் ஜேர்மனியர் குண்டுவீசிய போலந்து நகரான வியெலூன், மற்றொன்று 1940 மே மாதத்தில் அவர்களால் அழிக்கப்பட்ட ரொற்றர்டாம், மூன்றாவதே டிறெஸ்டன். தான் பட்டதைச் சொல்லுமுன் தான் செய்ததைச் சொல்லும் இவ்வொழுங்கு, மூன்று கற்களால் எழுதப்பட்ட வரலாற்று நூலெனத் தகும்.

அக்கூடத்திலுள்ள ‘வீ-2’ ஏவுகணையும் குறிப்பிடத்தக்கது. இவ்வகை ஏவுகணையைப் பல நாட்டுக் கூடங்கள் விண்வெளிப் பயணத்தின் முன்னோடியெனப் பெருமிதத்துடன் காட்டிவந்தன. அதனை நிலத்தடிச் சுரங்கங்களிற் செய்தோர் மிற்றெல்பௌ-டோறா முகாமின் கைதிகள். அம்முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 60,000 பேருள் மூன்றிலொரு பங்கினர் இறந்தனர். ஏவுகணை வீழ்ந்து இறந்தோரினும் அதனைச் செய்யுங்கால் இறந்தோர் மிகுதி. செய்தோரே பட்டோருமான இவ்வுண்மையை ஏவுகணையின் உயரமும் வடிவும் ஒருபோதும் தாமாகக் கூறா. யாரேனும் எழுதிவைத்தாலன்றி அது தெரியவராது.

ஒரு தடையும் விடையும்

பொறிகளின் வளர்ச்சியை அறிய வருபவனிடம் இத்தனை துயரத்தையும் சுமத்துவது முறையோ எனச் சிலர் வினவுவர். இயந்திரத்தைக் காதலிப்போர் பலர் இக்கூடங்களின் உயிர்நாடி. ஊதியமின்றி வந்து, ஆண்டுக்கணக்காகத் துருவை நீக்கி, கிடையாத உறுப்பைத் தாமே கடைந்து பொருத்துவோர் அவர்களே. அவர்களின்றேல் மேற்கூறிய பொருள்களுட் பல என்றோ உலைக்குட் போயிருக்கும். அவர்தம் அறிவும் உழைப்பும் போற்றத்தக்கன. வரலாற்றாசிரியர் சிலர் அவர்களை இளக்காரமாக நோக்குவது நன்றியன்று.

ஆயினும் பொறியின் வரலாறும் மாந்தரின் வரலாறும் இருவேறு பொருள்களல்ல. முதலாம் வகை டாங்கியின் இயந்திரம் ஏன் நடுவில் உள்ளது என்று வினவியவன் அதனுள் மூச்சுத் திணறியவனிடம் சென்று சேர்கின்றான். கவசம் ஏன் இத்துணைத் தடிப்பு என்று வினவியவன் அதனைத் துளைக்க வந்த குண்டிடமும் அதனைச் செலுத்தியவனிடமும் செல்கின்றான். பொறியை முற்றாக ஆராய்பவன் மனிதனிடமே வந்து முடிவான். இடையிலே வியப்பில் நின்றுவிடுவோனே மனிதனைக் காணாதவன்.

இலங்கையிலே

இவ்வாராய்ச்சி கடல் கடந்த செய்தியாக முடிந்துவிடுவதன்று. 1942 ஏப்ரில் 4 ஆம் நாள் கொக்கலை வாவியிலிருந்து எழுந்த ‘கற்றலீனா’ விமானம் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ‘ஹரிக்கேன்’ விமானங்கள் எழுந்து பொருதன. ஏப்ரில் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஆதலின் ஹென்டனிலும் டக்ஸ்போட்டிலும் ஹரிக்கேனைக் காணும் இலங்கை மாணவன் பிறநாட்டுப் பொருளை மட்டும் காணவில்லை. இலங்கை விமானப்படையின் நூதனசாலை அமைந்திருப்பதும் அதே இரத்மலானையிலேதான்.

பின்னாளில் இத்தீவினுள்ளே நிகழ்ந்து 2009 இல் முடிந்த நெடும்போரும் தன் பொருள்களை விட்டுச் சென்றுள்ளது. ஆனையிறவில் ஏ-9 வீதியோரத்தே கவசமிட்ட புல்டோசர் ஒன்று நிற்கின்றது. 1991 யூலைப் போரிலே விடுதலைப் புலிகள் செலுத்திய அவ்வூர்தியைத் தடுத்து உயிர்நீத்த இராணுவ வீரர் ஒருவரின் நினைவுச்சின்னமாக அது வைக்கப்பட்டுள்ளது. மண் வெட்டவும் வீதி சமைக்கவும் பிறந்த பொறி, லிங்கன் நகரத்து உழவுப்பொறி போலவே, போர்க்களம் சென்றது. அதன் எதிரே நின்றவன் ஒரு தாயின் மகன். அதன் உள்ளே இருந்தோரும் தாய்மார் பெற்ற மக்களே. முன்னவன் நினைவுகூரப்படுதல் முறையே. மூவரையும் தேடும் அளவுகோலைப் பொவிங்ரனுக்கு ஒரு விதமாகவும் ஆனையிறவுக்கு வேறு விதமாகவும் பிடித்தல் மட்டும் முறையன்று.

இங்கே மேலைநாட்டுக் கூடங்களிலிருந்து கற்றற்குரிய ஒன்று உண்டு. 1944 இல் இலண்டன் மீது ஜேர்மனியர் ஏவிய ‘வீ-1’ பறக்குங் குண்டுக்கு இலண்டன் மக்கள் ‘டூடுல்பக்’ என்று பெயரிட்டனர். செய்தவர் இட்ட பெயருடன் கீழிருந்தவர் இட்ட அப்பெயரையும் ஆங்கிலேயர் தம் வரலாற்றில் எழுதிக்கொண்டனர். வடபுலத்து மக்களும் தம் தலைக்கு மேல் வந்தவற்றை ஒலியால் இனங்கண்டு ‘பொம்மர்’ என்றும் ‘சகடை’ என்றும் பெயரிட்டனர். பதுங்குகுழியிற் பிறந்த அச்சொற்களைத் தொழிற்சாலையார் அறியார், பட்டோர் அறிவர். பேசுவோர் மறையச் சொல்லும் மறையும். அவற்றை எழுதிவைத்தலும், ஒரு நாள் உரிய பெயர்ப்பலகையில் ஏற்றுதலும் எப்பக்கத்தார்க்கும் இழுக்கன்று. அவை இந்நாட்டு வரலாற்றின் சொற்களே.

முடிபு

படைக்கல நூதனசாலைகள் வேண்டியனவே. இரும்பு பொய் சொல்லாது. ஆயின் கேட்டாலன்றி வாய் திறவாது. பொவிங்ரன் செய்தோரையும் செலுத்தினோரையும் அறிவிக்கின்றது. டக்ஸ்போட்டும் ஹென்டனும் மீளாதோரை எண்ணுகின்றன. எனோலா கே, பட்டோரைக் கொணரும் முயற்சி எவ்வளவு அரிது என்பதைக் காட்டுகின்றது. டிறெஸ்டன் அது முடியாததன்று எனக் காட்டுகின்றது.

இக்கூடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், இதன் நீளம் என்ன, வேகம் என்ன என்று குறிப்பெடுக்கச் செய்வதோடு அமையாது, ஒவ்வொரு பொருளின் முன்னும் மூன்று வினாக்களை எழுதச் செய்தல் நன்று. இதனைச் செய்தவர் யார்? செலுத்தியவர் யார்? இதனாற் பட்டவர் யார்? பலகையில் விடை இருப்பின் எழுதிக்கொள்க. இல்லையெனின், விடை இல்லை என்பதையும் எழுதிக்கொள்க. அவ்வெற்றிடத்தை நிரப்புதற்கு மாணவன் நூலகத்தையும், ஆவணத்தையும், வீட்டிலுள்ள முதியோரையும் நாடிச் செல்வானாயின், அன்றைய செலவின் பயன் அவனுக்குக் கைகூடியதாகும்.